குறிப்பறியக் கற்பித்த ஆசான்: சையத் அப்துல் ரஹீம்

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் ஒரே பெயரைத் தாங்கி நிற்பவை இரண்டு. குறிப்பறிதல் என்பதே அப்பெயர். பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் அஃது அமைந்துள்ளது. ஒன்று அரசவைக்குரியது, மற்றொன்று காதலர்க்குரியது. வாய்திறந்து சொல்லப்படாத ஒன்றை எதிரில் நிற்பவரின் கண்ணிலும் முகத்திலும் படித்துக்கொள்ளும் ஆற்றலை வள்ளுவப் பெருந்தகை இருமுறை பேசியிருக்கிறார் என்றால், அவ்வாற்றலின் இன்றியமையாமை விளங்கும். அவைக்கும் காதலுக்கும் அடுத்தபடியாக அவ்வாற்றல் பெரிதும் வேண்டப்படும் இடம் ஆடுகளம் ஆகும்.

நம் ஆரப்பாளையத்தை ஒட்டிய வையையில் நீர் வற்றிய மாதங்களில் சிறுவர்கள் பந்தாடக் காணலாம். பத்துப் பேர் பந்தின் பின்னே ஓடுவர். ஒருவன் மட்டும் பந்து இருக்கும் இடத்திற்கு ஓடாமல், அது வரப்போகும் இடத்திற்குச் சென்று நிற்பான். பந்தும் அவன் காலடிக்கே வந்து சேரும். கரையில் நின்று பார்க்கும் பெரியவர்கள், அஃது அவன் இரத்தத்தில் ஊறியது, பிறவியிலேயே வந்த வரம் என்று வியந்து பேசிக்கொள்வர். மற்றப் பத்துப் பேருக்கும் அது வராது என்பது அப்பாராட்டுக்குள் மறைந்திருக்கும் தீர்ப்பாகும். இத்தீர்ப்பு சரியானதுதானா? இவ்வினாவிற்குத் தம் செயலால் விடை தந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலத்தை உருவாக்கிய ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் அவர்களே அவர். அன்னாரின் வாழ்வை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்ட உணர்வு என்பது யாது?

ஆட்டக்காரர் ஒருவரை மற்றவரினின்றும் வேறுபடுத்துவன மூன்று. உடல் வலிமை ஒன்று. கைத்திறமும் கால்திறமும் மற்றொன்று. மூன்றாவதாக உள்ளது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அடுத்து என்ன நிகழப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கேற்ப உடலைச் செலுத்தும் அந்த ஆற்றலையே ஆட்ட உணர்வு என்கிறோம்.

அமெரிக்க நாட்டில் பெரிதும் ஆடப்படும் பேஸ்பால், நம் கிரிக்கெட்டிற்கு உறவான ஓர் ஆட்டம். அதில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறியும் விரைவான பந்து, அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் மட்டையாளரை வந்தடைந்துவிடுகிறது. பந்து பாதி வழி வந்த பின்னர் எண்ணிப்பார்க்க நேரமில்லை. எறிபவரின் தோளும் மணிக்கட்டும் தரும் குறிப்பைக் கொண்டே மட்டையாளர் முடிவெடுக்கத் தொடங்குகிறார். களத்தின் கோடியில் நிற்பவரோ, மட்டையில் பந்து பட்ட ஓசை கேட்ட அளவிலேயே பந்து விழப்போகும் இடம் நோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறார். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசல் முன் நிற்கும் நம் மாடுபிடி வீரரும் இத்தகையவரே. காளை எப்பக்கம் திரும்பும் என்பதை அது திரும்பிய பின் அறிந்து பயனில்லை.

இவ்வுணர்வு பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்பது பற்றி அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய சேஸ், சைமன் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட சதுரங்க ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில நொடிகளே காட்டி மறைத்தாலும், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாக எடுத்து வைத்தார். அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துவைத்துக் காட்டியபொழுது, தேர்ந்தவர்க்கும் புதியவர்க்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. தேர்ந்தவரின் நினைவாற்றல் பிறரினும் பெரிதன்று என்பதும், பல்லாயிரம் ஆட்டங்களில் கண்டு பழகிய வடிவங்களே அவருக்குத் துணைநின்றன என்பதும் இதனால் பெறப்படும். எனவே, உள்ளுணர்வு எனப்படுவது பெரும்பகுதி பழக்கத்தின் விளைவேயாகும். ஆய்வறிஞர்கள் இதனை ஆய்வுக்கூடத்தில் நிறுவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஹைதராபாத்தின் விளையாட்டுத் திடல்களில் இதனை நடைமுறையாக்கிக் காட்டியவர் ரஹீம் அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

சையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அது நிஜாம் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட சமஸ்தானம். 1918ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரஹீம், மாணவப் பருவத்திலேயே பல்கலைக்கழக அணியில் கால்பந்து ஆடியவர். பட்டம் பெற்றதும் அவர் நாடிச் சென்றது ஆசிரியப் பணியையே. ஹைதராபாத்தின் பள்ளிகள் சிலவற்றில் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றார். பகலில் வகுப்பறை, மாலையில் விளையாட்டுத் திடல் என அமைந்தது அவர்தம் வாழ்வு.

பின்னாளில் நாடறிந்த பயிற்றுநராக அவர் விளங்கியபொழுதும், வீரர்கள் அவரை ஓர் ஆசிரியராகவே கண்டனர். ரஹீம் சாகிப் என்ற மதிப்புமிக்க பெயராலேயே அவரை அழைத்தனர். வகுப்பில் பின்வரிசை மாணவனின் கண்ணைப் பார்த்தே பாடம் விளங்கிற்றா இல்லையா என்று அறிந்துகொள்வது நல்லாசிரியரின் இயல்பு. அவ்வியல்பினை அவர் திடலுக்கும் எடுத்துச் சென்றார் எனலாம். ஆட்டக்காரர்க்குக் குறிப்பறியக் கற்பித்தவர், முதற்கண் தாமே குறிப்பறிந்தவராக இருந்தார்.

ஹைதராபாத் அணியின் எழுச்சி

1940களில் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற ரஹீம், 1950ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். அக்காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தா என்பதே பொதுக் கருத்து. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெருங்கழகங்களின் புகழ் அத்தகையது. அந்நிலையில் தென்னகத்துக் காவலர் அணியொன்று பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. டுராண்டு கோப்பையையும் ரஹீம் காலத்தில் நான்கு முறை கைப்பற்றியது. வெற்றிகளைக் காட்டிலும், அவ்வணி ஆடிய முறையே காண்போரை வியக்கச் செய்தது. பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகள் மூவர் நால்வரைக் கடந்து செல்வதையே திறமையெனக் கருதிய காலம் அது. ரஹீமின் வீரர்களோ பந்தை வாங்கிய கணமே அடுத்தவர்க்குத் தந்தனர். தந்த கணமே வெற்றிடம் நோக்கி ஓடினர்.

ஹெல்சிங்கி தந்த பாடம்

1951ஆம் ஆண்டு புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. ரஹீம் பயிற்றுநராக இருந்த இந்திய அணி, இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. நாடே மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. வடபுலத்துக் குளிரில், ஈரத் தரையில் நம் வீரர்களுள் பலர் வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுதல் கட்டாயமாக்கப்பட்டது.

பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்றுநர் மனமொடிந்து விலகியிருந்தாலும் வியப்பதற்கில்லை. ரஹீம் விலகவில்லை, மாணவராக மாறினார். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டமுறை அவர் கருத்தைக் கவர்ந்தது. பொதுவாக எதிரணியின் கோலுக்கு மிக அருகே நிற்கும் நடு முன்னணி ஆட்டக்காரரை அவர்கள் சற்றுப் பின்னே நிறுத்தினர். அவரைத் தொடர்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று எதிரணித் தற்காப்பாளர் தடுமாறினார். தொடர்ந்து சென்றால் அவர் விட்ட இடம் வெறுமையாகும். நின்றுவிட்டால் பின்னே நிற்பவர் தடையின்றி ஆடுவார். 1953ஆம் ஆண்டு லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று ஹங்கேரி வென்று உலகையே திகைக்கச் செய்தது இம்முறையால்தான். இம்முறையை இந்திய வீரர்க்கும் பயிற்றுவிக்க முனைந்தார் ரஹீம். இதற்குக் கால்வலிமை மட்டும் போதாது. யார் எங்கே நிற்கிறார், எவர் எவ்விடத்தை விட்டு நகர்ந்தார் என்பதைப் பதினொருவரும் ஒவ்வொரு கணமும் உணர்ந்தாக வேண்டும். அதாவது, ஆட்ட உணர்வு ஒருவர் இருவரின் உடைமையாக இராமல் அணி முழுமைக்கும் பொதுவாதல் வேண்டும்.

அவர் பயிற்றிய முறை

பிறவி வரம் என்று பிறர் ஒதுக்கிவைத்ததைப் பாடமாக்கியவர் ரஹீம். அவர் கையாண்ட வழிகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, பழகாத காலால் ஆடும் போட்டிகள். வலக்கால் பழக்கமுடையோர் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு அவர் போட்டிகளை நடத்தினார். ஒரு காலை மட்டும் நம்பும் ஆட்டக்காரர், பந்து மறு காலுக்கு வரும்பொழுது அதனை மாற்றிக்கொள்ளக் குனிகிறார். கண் பந்தின்மீது படிகிறது. அந்நேரத்தில் களத்தில் நிகழ்வதை அவர் காண்பதில்லை. இரு கால்களும் பழகிவிட்டால் கண் விடுதலை பெறுகிறது. விடுதலை பெற்ற கண்ணே குறிப்பறியும்.

இரண்டாவது, ஒரே தொடுதலில் பந்தைக் கைமாற்றும் பயிற்சி. பந்தை வாங்கி நிறுத்தி, பின்னர் எண்ணிப்பார்த்துத் தருவதற்கு இதில் இடமில்லை. யாருக்குத் தருவது என்ற முடிவு பந்து வருவதற்கு முன்னரே மனத்தில் உருவாகியிருக்க வேண்டும். முன்னோக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் போதனையால் வற்புறுத்தாமல், பயிற்சியின் அமைப்பினாலேயே வரவழைத்த நுட்பம் இது.

மூன்றாவது, உடல் அளவின் அடிப்படையில் சிறுவர்க்கென அவர் அமைத்த போட்டிகள். வளர்ந்த சிறுவன் ஒருவன் மெலிந்தவனைத் தோளால் தள்ளிவிட்டுப் பந்தைக் கொண்டுபோய்விடுவான். அதனால் இருவருமே கற்பதில்லை. வலியவனுக்கு எண்ண வேண்டிய தேவை எழவில்லை. மெலியவனுக்கு எண்ணும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஒத்த உடலினர் மோதும்பொழுது வெற்றியை முடிவு செய்வது அறிவே.

இம்மூன்றிலும் ஊடுருவி நிற்பது ஒரே கொள்கை. எண்ணம் செயலுக்கு முந்த வேண்டும். எண்ணத்தைத் தடுப்பது எதுவோ அதனைப் பயிற்சியால் நீக்குதல் வேண்டும். வெறுமனே ஓடச் சொல்லி வியர்க்க வைத்த பயிற்றுநர் பலரிடமிருந்து ரஹீமைப் பிரித்துக் காட்டுவது இக்கொள்கையேயாகும்.

மெல்போர்ன், 1956

அவர் விதைத்தது 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் விளைந்தது. சமர் பானர்ஜி தலைமையில் சென்ற இந்திய அணி, ஹங்கேரி விலகிக்கொண்டமையால் நேரே காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் முதல் நாள், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் போட்டு, ஒலிம்பிக் கால்பந்தில் அவ்வாறு செய்த முதல் ஆசியர் என்ற பெருமையை எய்தினார். நான்காவது கோலைப் போட்டவர் கிட்டு என்று அன்போடு அழைக்கப்பெற்ற தமிழர் கிருஷ்ணசாமி என்பது நமக்கு மகிழ்வு தருவதாகும்.

அரையிறுதியில் எதிரே நின்றது, நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்ட அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை டிசோசா மூலம் இந்தியாவே போட்டது. பின்னர் எதிரணி நான்கு கோல்கள் போட்டு வென்றது எனினும், இந்திய அணி எவ்வளவு தொலைவு கடந்து வந்திருந்தது என்பதற்கு அந்த ஆட்டம் சான்றாக நின்றது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஆசிய நாடொன்று ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை.

பலராமும் தங்கராஜும்

செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர் துளசிதாஸ் பலராம். இளைஞர் பலராமின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், அவரைப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் ஹைதராபாத் சென்றுவரக் குடும்பத்தில் வசதியில்லை. அதனை அறிந்த ரஹீம், வாடகைச் சைக்கிளுக்குத் தாமே பொருளுதவி செய்தார் என்பதைப் பலராம் தம் முதுமைக் காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். சைக்கிள் வாடகைக்கு வழியில்லாமல் எத்தனை பலராம்கள் வீட்டிலேயே நின்றுவிட்டனரோ! பிறவி வரம் பற்றிப் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பலராமே 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டிற்கு எதிராகவும் கோல் போட்டார். அதே ஒலிம்பிக்கில் பி. கே. பானர்ஜியின் கோலினால் பிரான்சோடு ஒன்றுக்கொன்று என்ற கணக்கில் சமன் செய்தது இந்தியா.

பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் 1953இல் சேர்ந்தவர். தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரராக இருந்து, பின்னர் கோல்கீப்பராக மாறினார். கோல் போட ஓடி வருபவரின் எண்ணம் எவ்வாறு செல்லும் என்பதை அவ்விடத்தில் தாமே நின்று அறிந்தவர் ஆதலின், அவர்தம் காவல் சிறந்தது போலும்.

ரஹீமின் நடுவுநிலைமைக்கும் ரோம் சான்று பகர்கிறது. அவர்தம் மைந்தர் சையத் ஷாகித் ஹக்கீம் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். எனினும் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. பயிற்றுநரின் மகன் என்பது ஆடும் பதினொருவருள் ஒருவராதற்குப் போதிய தகுதியாகக் கொள்ளப்படவில்லை.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு அனுமதி மறுத்ததைக் கண்டித்து இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி தெரிவித்த கருத்து அந்நாட்டு மக்களைச் சினமூட்டியது. இந்தியத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் மூண்டது. இந்திய வீரர்கள் சென்ற இடமெல்லாம் கூச்சலும் ஏளனமும் எதிர்கொண்டன.

களத்திலும் தொடக்கம் நன்றாக அமையவில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோற்றது இந்தியா. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையலிட நேர்ந்தது. ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தபொழுது ரஹீம் எடுத்த முடிவு எவரும் எதிர்பாராதது. காயமுற்ற தற்காப்பாளரை முன்னணியின் நடுவே நிறுத்தினார். தற்காப்பாளர் அஞ்சுவது எதற்கு என்பதை ஒரு தற்காப்பாளரைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? ஜர்னைல் அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்றது முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியா. முன்னாள் இரவு ரஹீம் தம் வீரர்களை அழைத்துத் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு கேட்டுக்கொண்டார் என்பர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் நிறைந்த செனயான் மைதானத்தில் இந்தியாவிற்கு எதிரான ஆரவாரமே ஓங்கி ஒலித்தது. அப்பெருங்கூட்டத்தில் இந்திய வீரர்க்காகக் குரல் கொடுத்தோருள் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்களும் இருந்தனர். அரசுகள் பகைத்தாலும் ஆட்டக்காரர் நெஞ்சம் பகைப்பதில்லை என்பதற்கு இஃது அழகிய சான்று.

அத்தகைய இரைச்சலில் ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேட்பதரிது. கண்ணால் கண்டும் மனத்தால் உணர்ந்துமே ஆடியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் ரஹீம் பயிற்றியது அதுவன்றோ! 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவதைப் போட்டார். கொரியர் இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் போட்டும் தங்கராஜின் காவலைக் கடந்து மீண்டும் ஒன்று போட இயலவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி, பானர்ஜி, ஜர்னைல் சிங், யூசுப் கான், பலராம், பீட்டர் தங்கராஜ் எனப் பல சமயத்தவரும் பல மொழியினரும் ஒரே உணர்வினராய் ஆடிய அந்த அணி, நாட்டு ஒருமைப்பாட்டின் கண்கண்ட வடிவமாக விளங்கிற்று.

மறைவும் மரபும்

அதுவே ரஹீம் அவர்களின் இறுதி வெற்றியாகவும் அமைந்தது. புற்றுநோய் அவர் உடலை வென்றது. ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ஒன்பது மாதங்களில், 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், 53ஆம் அகவையில் அன்னார் மறைந்தார்.

அவர்தம் மாணவர்கள் அருச்சுனா விருதுகளை வரிசையாகப் பெற்றனர். 1961இல் பானர்ஜி, 1962இல் பலராம், 1963இல் சுனி கோஸ்வாமி, 1964இல் ஜர்னைல் சிங், 1966இல் யூசுப் கான், 1967இல் தங்கராஜ். பயிற்றுநர்க்குரிய துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்தப்பட்டது. அதற்குள் ஆசான் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் வரலாற்றைக் கூறும் இந்தித் திரைப்படம் 2024ஆம் ஆண்டு வெளிவந்த பின்னரே, இளைய தலைமுறையினர் பலர் அவர் பெயரை அறிந்தனர்.

1962க்குப் பின்னர் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதில்லை. 1960க்குப் பின்னர் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடியதும் இல்லை. இதனைக் கொண்டு, ரஹீம் காலத்து வீரர்கள் பிறவி வரம் பெற்றவர்கள், பின்வந்தோர் அதனைப் பெறாதவர்கள் என்று கூறுதல் பொருந்துமா? பிறப்பில் என்ன மாறுதல் நேர்ந்துவிட்டது? ஹைதராபாத்திலும் கல்கத்தாவிலும் பிள்ளைகள் அன்றும் பிறந்தனர்; இன்றும் பிறக்கின்றனர். குறைந்தது கற்பிப்போரின் தொடர்ச்சியேயாகும். வேறு காரணங்களும் உண்டெனினும், நல்லதொரு கற்பித்தல் நெறி ஒருவரைச் சார்ந்தே நின்றுவிட்டால், அவரோடு அதுவும் தளர்ந்துவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதும் உண்மை. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர் சையத் நயீமுதீன், ரஹீமின் இறுதிக் காலத்தில் ஹைதராபாத் காவல்துறை அணியில் ஆடத் தொடங்கியவர். பின்னர்ப் பயிற்றுநராகி, 1990இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். பானர்ஜி நாடறிந்த பயிற்றுநரானார். ரோமில் களமிறக்கப்படாத மைந்தர் ஹக்கீம், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நடுவராக உயர்ந்தார். அவர் 2021இல் மறைந்தார்.

நிறைவுரை

ரஹீம் அவர்களின் வாழ்வு விளையாட்டுத் துறைக்கு மட்டும் உரியதன்று. கணக்கு இவனுக்கு வராது, இலக்கணம் இவளுக்கு ஏறாது என்ற சொற்கள் நம் வீடுகளிலும் ஆசிரியர் அறைகளிலும் எளிதாகப் புழங்குகின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவரிடம் அச்சொற்கள் ஏற்படுத்தும் புண் ஆழமானது. யாப்பைக் கேட்ட அளவிலேயே சீர் பிரிக்கும் மாணவனைக் கண்டு வியக்கிறோம். அவன் வீட்டில் பாட்டனார் பாடல்கள் சொல்லித் தந்ததை நாம் அறிவதில்லை. அவ்வாய்ப்பில்லாத மாணவனுக்கு அதனைத் திட்டமிட்டு அளிப்பதற்காகவே கல்வி நிலையங்கள் உள்ளன.

எல்லோரும் சுனி கோஸ்வாமியாகிவிடுவர் என்று ரஹீமின் வரலாறு கூறவில்லை. மனிதர்க்கிடையே இயல்பான வேறுபாடுகள் உண்டு. ஆயினும், இயல்பு எது, வாய்ப்பின்மை எது என்று முறையாகக் கற்பித்துப் பார்ப்பதற்கு முன் தீர்ப்புரைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இடக்காலால் ஆடவைத்துப் பார்ப்பதற்கு முன் ஒருவனை ஒற்றைக்காலன் என்று ஒதுக்காதவர் ரஹீம். இல்லாமை காரணமாக வர இயலாதவனுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்துப் பார்த்தவர்.

மாணவச் செல்வங்களே! உங்களால் இயலாது என்று எவரேனும் கூறினால், பத்துக் கோல் வாங்கிய அணி நான்கே ஆண்டுகளில் அதே எதிரிக்கு எதிராக முதல் கோலைப் போட்டதை நினைந்துகொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! மாணவனின் குறிப்பறிவது நம் கடமை. அவனைக் குறிப்பறிவோனாக ஆக்குவது நம் பெருமை. சமுதாயப் பெரியோர்களே! வாடகைச் சைக்கிள் ஒன்றுக்காகக் காத்திருக்கும் பலராம் ஒருவர் நம் தெருவிலும் இருக்கக்கூடும். அவரைத் தேடிக் கண்டறிவதே அந்த ஹைதராபாத் ஆசானுக்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.